தமிழை எழுத்துக்கூட்டும் பிள்ளை இங்கிலீஷில் ஏன் நின்றுவிடுகிறது? வாசிப்புச் சிக்கல்கள், மொழிவாரியாக

மூணாங்கிளாஸ் (இழையைத் தொடங்கியவர்)

மூன்றாம் வகுப்பு, தமிழ் வழி. எழுத்து எல்லாம் தனித்தனியாகத் தெரியும். 'அப்பா' என்பதை "அ… இப்… பா" என்று சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல் என்றால் முழிப்பு. இங்கிலீஷில் "சி, ஏ, டி" என்று ஒப்பித்து "சேட்" என்று முடிக்கும்.

இரண்டு கேள்வி. ஒன்று, முதலில் தமிழைச் சரிசெய்துவிட்டு இங்கிலீஷுக்குப் போவதா, இரண்டையும் சேர்த்தே நடத்துவதா? இரண்டு, நிபுண் பாரத் (ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) இலக்கில் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று இருக்கிறது. தமிழில் 30ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறதே, அந்த 60 நமக்கும் பொருந்துமா?

---

கரும்பலகை

பதில் சொல்வதற்கு முன்னால், வாசிப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

அசர் (கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடுவீடாகப் போய் அளக்கும் ஆய்வு) கருவி மாதிரியே நான்கு படி வைத்துக்கொள்ளலாம்: எழுத்து, சொல், நான்கு வரிப் பத்தி, ஏழிலிருந்து பத்து வரிக் கதை. பத்தியில் தொடங்குங்கள். சொல் சொல்லாக உதிர்க்காமல் வாக்கியமாக வாசித்து, மூன்று பிழைக்குள் முடித்தால் கதைக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் சொல்லுக்கு இறக்குங்கள். அங்கே பிள்ளையே ஐந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கட்டும், நான்கு சரியானால் போதும். அதுவும் இல்லையென்றால் எழுத்து, அங்கேயும் ஐந்தில் நான்கு.

அசரில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளே இல்லாத ஐந்து சொல்: நோபில், தூமகை, லெட்டுணி மாதிரி. இங்கிலாந்தில் 2012லிருந்து முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஒலிப்புச் சோதனையில் 40 சொல் இருக்கும், அதில் 20 இப்படிப்பட்ட போலிச் சொற்கள்தான். 'அம்மா', 'பள்ளி' எல்லாம் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்த படம். 'லெட்டுணி'யை மனப்பாடத்தில் இருந்து எடுக்க முடியாது, கூட்டித்தான் ஆகவேண்டும். பாடப்புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை இந்த ஐந்து சொல்லில் பிடிபட்டுவிடும்.

---

ஒற்றும்புள்ளியும்

"அ, இப், பா"வுக்கு வருகிறேன். பிள்ளை மேல் தப்பில்லை. நாம் எழுத்தின் பெயரைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒலியைக் கேட்கிறோம். மெய்யைத் தனியாகச் சொல்ல முடியாது என்று முன்னால் ஒரு 'இ' வைத்து இக், இங், இச் என்று பழக்குகிறோம். அதைப் பிள்ளை நேர்மையாகச் சொல்லுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. பழைய திண்ணைப் பள்ளி 'கானா, காவன்னா, கீனா, கீயன்னா'விலும் இதே சிக்கல்தான், இன்னும் ஒரு மடங்கு கூட.

மருந்து எளிது. சொல்லுக்குள் வரும்போது ஒற்றை, அதாவது புள்ளி வைத்த மெய்யை, தனி எழுத்தாக விரல் வைத்துக் காட்டவே கூடாது. ஒற்று எப்போதும் தனக்கு முன்னால் இருக்கும் எழுத்தின் சொத்து. பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: "புள்ளி வச்ச எழுத்து தனியா நடக்காது, முன்னாடி போறவன் கையைப் பிடிச்சுக்கும்."

செய்யும் முறை: சொல்லைப் பெரிதாக எழுதி, ஒரு அட்டைத்துண்டால் மூடி, துண்டு துண்டாகத் திறங்கள்.

அப் | பா
ம | ரம்
பட் | டம்
பள் | ளிக் | கூ | டத் | தி | லி | ருந் | து

கடைசிச் சொல்லில் எழுத்து 12. எழுத்தெழுத்தாக வாசித்தால் பன்னிரண்டையும் நினைவில் வைத்துக் கோக்க வேண்டும், நடுவிலேயே முதல் பாதி மறந்துபோகும். இப்படி வெட்டினால் எட்டே துண்டு. அதிலும் 'பள்ளிக்கூடம்' தெரிந்த பிள்ளைக்கு வால் மட்டும்தான் புதிது.

தொடக்கத்தில் கேழ்வரகு, ஸ்கூல் மாதிரியான சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். ப, ட, ம மூன்றை வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், பாட்டம். ர, க, ல சேர்த்தால் மரம், கரம், பல், கல், கடல், மடல், பாலம், காலம். அ முதல் ஃ வரை முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்றால் பிள்ளை மாதக்கணக்கில் ஒரு சொல்கூட வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும்.

---

பினாங்குவாத்தியார்

உகர ஊகார வரிசையை யாரும் சொல்லவில்லையே. தமிழில் பிள்ளைகள் கூட்டமாக விழும் பள்ளம் அதுதான். கா, கி, கே எல்லாம் ஒரே குறியை ஒட்டினால் வந்துவிடும். கு, கூ வரிசையில் அந்த வித்தை பலிக்காது. கீழ்க்கண்டபடி மூன்று கூட்டமாகப் பிரித்துக் கொடுங்கள்:

கு, டு, மு, ரு, ழு, ளு: சுற்றி வளையும்
ஙு, சு, பு, யு, வு: நேராகக் கீழே இறங்கும்
ஞு, ணு, து, நு, லு, று, னு: இறங்கி மேலே ஏறும்

மூன்றாவது கூட்டத்துக்கு நெடில் வேண்டுமென்றால் துணைக்காலைச் சேர்த்தால் போதும்: ணூ, தூ, நூ, லூ. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு ஏழு ஊகாரம் சும்மா கிடைக்கிறது. 'கூ' மட்டும் யாரோடும் சேராது, அதைத் தனியாகப் பழக்குங்கள்.

247 என்று சொல்லிப் பெற்றோரைப் பயமுறுத்துவதும் வேண்டாம். உயிர் 12, மெய்யின் அடிப்படை வடிவம் 18, ஆய்தம் 1, புள்ளி 1, துணைக்குறிகள் 7 (ா, ி, ீ, ெ, ே, ை, ஔகாரத்தின் ள போன்ற குறி), உகர ஊகாரம் 36. மொத்தம் 75 வடிவம். மற்றதெல்லாம் சேர்க்கை.

---

தலைநகர்த்தமிழ்

75ஓ 247ஓ, 26ஐவிட அதிகம்தானே. அப்படியென்றால் இங்கிலீஷ்தானே சுலபமாக இருக்கவேண்டும்?

---

கரும்பலகை

எழுத்தின் எண்ணிக்கையை வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 44 ஒலியைச் சமாளிக்கிற மொழி அது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 13 ஐரோப்பிய மொழிகளில் முதலாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஒப்பிட்டது. பின்னிஷ், கிரேக்கம் போன்ற மொழிகளில் பழகிய சொற்களை 90 சதவீதத்துக்கு மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் சுமார் 34 சதவீதம். ஆங்கிலப் பிள்ளைகள் மந்தம் என்பதால் அல்ல, அந்த எழுத்துமுறைக்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. நம் அட்சர எழுத்துகளில் (மெய்யும் உயிரும் ஒரே எழுத்தாகச் சேரும் முறை) ஒலி நேராக இருக்கும், ஆனால் வடிவம் ஏராளம். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் செய்த ஆய்வுகளில், எழுத்துகளை முழுதாகப் பிடிக்க நான்காம் வகுப்பு வரைகூட ஆவது தெரிகிறது. ஆங்கிலத்தில் முதல் வருடத்திலேயே எழுத்து முடிந்துவிடும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள கணக்குத்தான் முடியாது. தமிழில் கணக்கு சீக்கிரம் புரியும், எழுத்து முடியக் காலம் ஆகும். ஆகவே இரண்டுக்கும் ஒரே அட்டவணை போட்டால் ஏதாவது ஒன்று கெடும்.

---

சத்தம்முதலில்

இங்கிலீஷ் பக்கம் நான் எடுத்துக்கொள்கிறேன்.

'சேட்' வந்த காரணமும் அந்த 'இப்'தான், வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. எழுத்தின் பெயர் சி, ஏ, டி. ஒலி க், ஆவும் ஏவும் கலந்த குறில், ட். பெயரைக் கூட்டினால் சொல் வராது. முதல் மூன்று மாதம் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ஒலியை மட்டும் கொடுங்கள்.

வரிசை: பல ஒலிப்புப் பாடத்திட்டங்களில் எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்ற ஆறு எழுத்து முதலில் வரும். காரணம், இந்த ஆறிலேயே நிறைய மூன்றெழுத்துச் சொல் கட்டலாம்: சிட், பின், டின், நிப், டிப்.

நம் பிள்ளைகள் தவறும் இடங்கள்:

மெய்யோடு அகரத்தை ஒட்டுவது. தமிழில் 'ப' என்றாலே அகரம் உள்ளே இருக்கிறது, அதனால் 'ப-இ-ன' என்று சொல்லிவிட்டு 'பைன' என்பார்கள். 'ப்' என்று உதட்டை மூடித் திறந்தவுடன் நிறுத்தப் பழக்குங்கள். கஷ்டமாக இருந்தால் இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள். ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன் மூன்றையும் மூச்சு இருக்கும்வரை இழுத்துக்கொண்டே அடுத்த ஒலிக்குள் போகலாம். ப், ட், க் இழுபடாது.

கடைசியில் உகரம் ஒட்டுவது: புக்கு, கப்பு, பெல்லு. பேச்சில் விட்டுவிடலாம். வாசிப்பில் விட்டால் பின்னால் எழுத்துக்கூட்டும்போது ஒரு யூவைக் கூடுதலாகப் போடும்.

எஸ்ஸில் தொடங்கும் கூட்டொலிக்கு முன் இகரம்: இஸ்கூல், இஸ்டார். இதற்கு 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துவிட்டு 'கூல்' சொல்லவைத்தால் இரண்டு வாரத்தில் போய்விடும்.

தமிழ் இங்கே பெரிய உதவி. ப் + இ = பி என்று உயிர்மெய்ப் பட்டியலில் ஏற்கெனவே கற்றிருக்கிறது பிள்ளை. பி + ன் = பின். இங்கிலீஷில் மூன்று எழுத்து, தமிழில் இரண்டு, காதுக்கு ஒன்றே. ஒலியை ஒட்டும் வித்தையைப் பிள்ளை ஏற்கெனவே அறியும் என்பதைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

---

மூணாங்கிளாஸ்

அப்படியென்றால் இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொடுக்கலாமா? பல வழிகாட்டிகளில் அப்படித்தான் இருக்கிறது.

---

சத்தம்முதலில்

வேண்டவே வேண்டாம் சார். பூனையைத் தமிழில் எழுதினால் 'கேட்'. வாசல் கதவும் 'கேட்'. கே, ஏ, டி, இ என்று வரும் பெண் பெயரும் 'கேட்'. இங்கிலீஷில் மூன்றும் வேறு வேறு ஒலி: பூனையில் உயிர் வேறு, வாசல் கதவில் முதல் மெய் வேறு. அந்த வேறுபாட்டைக் காதில் போடத்தான் இவ்வளவு பாடும், தமிழில் எழுதியவுடன் அதை நாமே அழித்துவிடுகிறோம். இன்னொன்று, கண் சுலபமான எழுத்துக்குத்தான் போகும். பிள்ளை மேல்வரியை மட்டும் வாசித்துக்கொண்டு போகும், கீழ்வரி படம் மாதிரி அங்கேயே கிடக்கும்.

---

பினாங்குவாத்தியார்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழி வாசிப்பு: தமிழ், மலாய், ஆங்கிலம். இதில் மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. குழப்பம் இப்படி வரும்.

சி-ஏ-டி: மலாயில் 'சாட்', அதாவது சாயம். ஆங்கிலத்தில் பூனை. ஏ-ஐ-ஆர்: மலாயில் 'ஆயெர்', தண்ணீர். ஆங்கிலத்தில் காற்று. எம்-ஏ-ஐ-என்: மலாயில் 'மாயின்', விளையாடு. ஆங்கிலத்தில் 'மெய்ன்'.

அதனால் மேலே கேட்ட 'சேட்' போன்ற பிழை இங்கே வந்தால் அது எழுத்துப் பெயரிலிருந்து வந்ததா, மலாயிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். 'சேட்' என்றால் பெயர், 'சாட்' என்றால் மலாய். மருந்து வேறு வேறு.

மலாயை அசை அசையாகத்தான் கற்பிப்பார்கள்: பா, பி, பு, பிறகு பா-து, பி-ரு. தமிழ் உயிர்மெய் பழகிய பிள்ளைக்கு இது அல்வா. இரண்டு இடம் மட்டும் இடறும். ஒன்று, ஆங்கில எழுத்தான 'இ'க்கு மலாயில் இரண்டு ஒலி. 'பெராங்' என்று எழுதினால் போரும் உண்டு, பழுப்பு நிறமும் உண்டு, எழுத்தில் வேறுபாடே இல்லை, இடம் பார்த்துத்தான் வாசிக்கவேண்டும். இரண்டு, என்-ஜி சேர்ந்து வரும்போது. பூவைக் குறிக்கும் 'பூஙா'வை 'பூன்-கா' என்று வெட்டுவார்கள். தமிழில் பெரும்பாலும் சும்மா கிடக்கும் 'ங'வை இங்கே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

நோட்டுப் புத்தக அட்டை மூன்று நிறம், வாசிக்கும் நேரம் மூன்று. ஒரே பாட வேளைக்குள் மலாயும் ஆங்கிலமும் கலக்காதீர்கள்.

---

ஒற்றும்புள்ளியும்

நிமிடத்துக்கு 60 பற்றி. நிபுண் வழிகாட்டியில் இரண்டாம் வகுப்புக்கு 45 முதல் 60, மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 60 என்று இருப்பது உண்மை. ஆனால் 'சொல்' என்பதை எல்லா மொழிக்கும் ஒரே அளவுகோலாக வைப்பதில்தான் கோளாறு. எண்ணிப் பார்ப்போம்.

"மாலையில் மழை பெய்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தார்கள்."

7 சொல், 40 எழுத்து. இதே செய்தியை இங்கிலீஷில் இயல்பாக எழுதினால் 12 சொல் வரும். இல், இருந்து, கு, ஆர்கள் எல்லாம் அங்கே தனிச்சொல்லாக நிற்கும் அல்லது இருக்கவே இருக்காது. இங்கே வாலாக ஒட்டிக்கொண்டு போகிறது. தமிழில் 35 சொல் வாசித்த பிள்ளை இங்கிலீஷ் கணக்கில் 60ஐத் தொட்டிருக்கும்.

பதிவேட்டில் சொல் கணக்கு கேட்டால் எழுதிக்கொடுங்கள். உங்கள் நோட்டில் எழுத்துக் கணக்கு வையுங்கள். பழக்கமில்லாத பத்தி ஒன்று, ஒரு நிமிடம். தவறான எழுத்தின் மேல் கோடு. தானே திருத்திக்கொண்டால் சரி. மூன்று விநாடி நின்றுவிட்டால் நீங்கள் சொல்லிவிட்டு அதைத் தவறாகக் குறியுங்கள். சரியாக வாசித்த எழுத்து எத்தனை என்பதை அதே பிள்ளையின் போன மாதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பக்கத்துப் பிள்ளையோடு வேண்டாம்.

---

வன்னிவாசிப்பு

ஒரு சந்தேகம், சேர். 'வந்துகொண்டிருக்கிறான்' எண்டு அச்சிலை இருக்க, பிள்ளை 'வந்துகொண்டு' எண்டு தொடங்கி 'இருக்கான்' எண்டு முடிச்சா அதைப் பிழை எண்டு கோடு போடுறதோ? எங்கடை பக்கம் பேச்சு வழக்குக்கு மாத்தி வாசிக்கிறதும் உண்டு.

---

ஒற்றும்புள்ளியும்

கோடு போடாதீர்கள், வட்டம் போடுங்கள். எழுத்துத் தெரியாததால் வந்த பிழை இல்லை அது. பொருள் புரிந்து, தன் வாய்மொழிக்கு மாற்றிச் சொல்கிறது. 'இருக்கிறான்' என்பதை 'இருக்குறன்' என்று பொருளில்லாமல் வாசிப்பதுதான் கவலைக்குரியது.

---

கரும்பலகை

இதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். இரண்டாம் வகுப்பு வரை சரி. அதற்குமேல் கண் கடைசி எழுத்துவரை போகாமல் ஊகித்து முடிக்கும் பழக்கமாக மாறிவிடும், தமிழில் காலமும் ஆளும் வேற்றுமையும் எல்லாம் வாலில்தானே இருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தால்' மூன்றையும் ஒரே பத்தியில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். மூன்றையும் பிரித்து வாசித்தால் வட்டம். தவறினால் கோடு.

---

ஒற்றும்புள்ளியும்

அந்தச் சோதனை நல்லா இருக்கே, எடுத்துக்கொள்கிறேன்.

---

வன்னிவாசிப்பு

வெளிநாட்டிலை தமிழ் படிக்கிற பிள்ளையளுக்கு இன்னொரு தலையிடி. இலங்கையிலை அச்சடிச்ச புத்தகத்திலை 'ரீவி', 'ரயர்', 'ரொபி' எண்டு இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகத்திலை 'டிவி', 'டயர்', 'டாஃபி'. ஒரே பொருள், ரெண்டு எழுத்து. கனடாவிலையோ லண்டனிலையோ ரெண்டு புத்தகமும் ஒரே வகுப்பிலை கிடக்கும். முதல் வருசம் கடன்சொல் இல்லாத பாடமாப் பார்த்து எடுக்கிறது நல்லம்.

அங்கத்தைப் பிள்ளையளுக்கு எழுத்து ஓடிப் பிடிபடும், ஏற்கெனவே இங்கிலீசிலை வாசிக்கத் தெரியும். கூட்டி வாசிச்சு முடிச்சாப் பிறகு 'என்ன விளங்கினது' எண்டால் ஒண்டுமில்லை.

---

கரும்பலகை

அதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனைதான். பத்தியைப் பிள்ளை வாசிக்கட்டும், நான்கு கேள்வி கேளுங்கள். அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டி நான்கு கேள்வி கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் கூட்டுவதில் குறை. கேட்டாலும் புரியவில்லை என்றால் மொழியில் குறை, எழுத்து அட்டையை எத்தனை தடவை காட்டினாலும் தீராது. கஃப், டன்மர் இருவரும் 1986இல் இதைப் பெருக்கலாகச் சொன்னார்கள்: வாசிப்பு = கூட்டும் திறன் × மொழி புரிதல். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

வன்னிவாசிப்பு சொல்லும் பிள்ளைக்குக் கதை கேட்பதும் பேசுவதும்தான் பாடம். மூணாங்கிளாஸ் சொல்லும் பிள்ளைக்குத் தமிழில் முதல் குறை, இங்கிலீஷில் இரண்டுமே.

---

தலைநகர்த்தமிழ்

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தி சேர்ந்தால்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

---

சத்தம்முதலில்

மூன்று விஷயம். தமிழில் மெய் என்றால் புள்ளி இருக்கும். இந்தியில் சொல்லின் கடைசி அகரம் எழுத்தில் இருக்கும், வாயில் இருக்காது. க, ம, ல என்று மூன்று எழுத்து, வாசிப்பது 'கமல்'. புள்ளி பழகிய பிள்ளை 'கமல' என்று இழுக்கும். இரண்டாவது, இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், சொல்வது பின்னால். கெ, கே, கை எழுதிய பிள்ளைக்கு இது பழக்கம்தான், "நம்ம கொம்பு மாதிரி" என்றால் முடிந்தது. மூன்றாவது, நம் ஒரு 'க'வுக்கு அங்கே நான்கு எழுத்து. இது மட்டும் நிஜமாகவே நாளாகும், காதில் முதலில் பிரியவேண்டும், பிறகுதான் கண்.

---

மூணாங்கிளாஸ்

நன்றி. முதல் கேள்விக்கு மட்டும் நேரான பதில் இல்லை. தமிழை முடித்துவிட்டா, சேர்த்தா?

---

கரும்பலகை

சேர்த்தே, ஆனால் ஒரே பாகத்தை ஒரே சமயத்தில் இல்லை. தமிழில் அட்டைத்துண்டு வேலை நடக்கும் மாதத்தில் இங்கிலீஷில் புத்தகத்தை மூடிவையுங்கள். காது வேலை மட்டும்: 'பின்' என்றால் முதல் ஒலி என்ன, கடைசி ஒலி என்ன, 'ப்'பை எடுத்துவிட்டு 'ட்' போட்டால் என்ன. எழுத்தே வேண்டாம். தமிழில் மூன்றெழுத்துச் சொல் தடங்கலில்லாமல் வந்ததும் இங்கிலீஷ் ஆறு எழுத்தைத் திறங்கள்.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். 3 நிமிடம் எழுத்து, அதில் நேற்று தவறியவை மட்டும். 5 நிமிடம் அட்டைத்துண்டு, பத்துச் சொல். 7 நிமிடம் ஒரே சிறு பத்தியைத் திரும்பத் திரும்ப மூன்று முறை: முதல் முறை நீங்கள் வாசிக்க அது விரல் நகர்த்தும், இரண்டாவது சேர்ந்து, மூன்றாவது தனியாக. 5 நிமிடம் நீங்கள் கதை வாசிக்க அது கேட்கும். கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள், வெட்டாதீர்கள்.

---

ஒற்றும்புள்ளியும்

அட்டைத்துண்டு வெள்ளையாக இருக்கட்டும், கோடோ படமோ இல்லாமல். இடப்பக்க மேல்மூலையை மட்டும் சின்னதாக வெட்டிவிடுங்கள். நேர் விளிம்பாக இருந்தால் இகரத்தின் வளைவையும் புள்ளியையும் மறைத்துவிடும், 'பட்' என்பதைப் பிள்ளை 'பட' என்று வாசிக்கும்.

---

மூணாங்கிளாஸ்

அது முன்னமே தெரிந்திருந்தால் 'பட-டம்' வந்ததற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். திங்கட்கிழமை போலிச் சொல் ஐந்தையும் வைத்துத் தொடங்குகிறேன். 'லெட்டுணி' எனக்கே நாக்கு சுற்றுகிறது.